இன்னும் பாக்கேல்லை

கொக்குவில், ஸ்ரேசன் ஒழுங்கையில்
தகரக் கொட்டில் என்னுடையது.
எண்பத்து மூன்று பிள்ளைகள், பதினாறு வாங்கு,
விடிய ஆறு மணிக்கு ஒரு பிரிவு, பின்னேரம் இரண்டு.
புலமைப்பரிசிலுக்கு இன்னும் இத்தனை நாள் என்று
கரும்பலகை மூலையில் நானே எழுதுவேன்,
நானே அழித்துக் குறைப்பேன்.

என் மகள் அங்கே வருவதில்லை.

அரியாலையில் ஒரு வாடகை வீட்டுப் பள்ளியில்
அவளைச் சேர்த்தது அவள் அம்மா.
அங்கே மணி அடிப்பதில்லை.
நேரசூசி பிள்ளைகளின் கையெழுத்தில்,
எழுத்துப் பிழைகளோடு,
சில கட்டங்கள் ஒன்றும் எழுதாமல்.
"மகள் எந்தப் பள்ளிக்கூடம், மாஸ்டர்?" என்று கேட்பார்கள்.
"கிட்டத்தான்" என்பேன்.
கிட்ட இல்லை. சைக்கிளில் அரை மணித்தியாலம்.

பங்குனியில் பதினொரு நாள்
சாம்பவி செய்ததெல்லாம்
பழுதாய்ப்போன இறைப்பு மிசின் ஒன்றுக்கு முன்னால்
குந்தியிருந்ததுதான்.
பெருக்கல் வாய்ப்பாடு ஏழோடு நின்றுவிட்டது.
சேட்டுக் கையை மடித்துக்கொண்டு
நிரஞ்சலா ரீச்சரிடம் போனேன்.
அவர் வாதாடவில்லை.
"அவளைத்தான் கேட்டுப் பாருங்கோவன்" என்றார்,
யாரோ ஒரு பிள்ளையின் அறுந்த செருப்பு அவர் கையில்.

கேட்டேன்.
"ஏன் இது தண்ணி இழுக்கேல்லை?"
"தெரியா" என்றாள்.

எனக்குப் பழக்கமான சொல்.
என் கொட்டிலில் அது
குனிந்த தலைக்குள்ளிருந்து வரும்,
சட்டைப் பொத்தானைத் திருகும் விரல்களோடு.
சில நாள் அது வெளியே வராது;
பக்கத்துக் கொப்பியைப் பார்த்து எழுதிய
சரியான விடைக்குள் ஒளிந்துகொள்ளும்.
நான் அதற்குச் சரி போட்டுவிடுவேன்.

இவள் அதைச் சொன்னது
மிசினிலிருந்து கண்ணை எடுக்காமல்,
அந்தக் குறட்டைத் தாங்கோ என்று கேட்கும் குரலில்.
"வாசர் தேய்ஞ்சிருக்கோணும். நாளைக்குப் பாப்பம்."

நாளைக்கும் ஓடவில்லை.
அந்த மிசின் கடைசிவரைக்கும் ஓடவில்லை,
அதையும் சொல்லத்தான் வேண்டும்.
பழைய இரும்புக்காரன் நிறுத்து எடுத்த அன்று
விலையைப் பேசியது அவள்.

போன ஞாயிறு ஒரு படம் கொண்டுவந்தாள்.
மடியில் விடைத்தாள் கட்டு, விரலில் சிவப்புப் பேனை.
"வெரி குட்" என்றேன்.

"அப்பா, நீங்கள் இன்னும் பாக்கேல்லை."

கோபமில்லை.
பிழையொன்றைக் கண்டு திருத்தினாள், அவ்வளவுதான்,
நான் ஒரு நாளைக்கு இருநூறு தடவை செய்வதுபோல.

பேனைக்கு மூடியைப் போட்டுவிட்டுப் பார்த்தேன்.
அதே மிசின், தேசிக்காயைப் போல் பாதியாய்ப் பிளந்து.
உள்ளே குழாய்கள், ஒரு சக்கரம், நீர் ஏறும் பக்கம் ஓர் அம்பு.
நடுவில் ஒரு சதுரம் வெறுமையாய்.
"அந்த இடம் எனக்கு விளங்கேல்லை. அதால விட்டனான்."
நல்லாயிருக்கோ என்று கேட்பாள் என்று காத்திருந்தேன்.
கேட்கவில்லை.
படத்தைச் சுருட்டிக்கொண்டு
கிணற்றடிக்குக் கால் கழுவப் போய்விட்டாள்.

திங்கள், விடிய ஆறு மணி.
மூன்றாம் வாங்கில் டிலக்சனை எழுப்பி
ஒரு பின்னக் கணக்குக் கேட்டேன்.
உதடு ஒட்டிக்கொண்டது அவனுக்கு.
நான் ஒன்றும் சொல்லாமலே
வலது உள்ளங்கையை நீட்டினான்.

கொட்டிலில் பிரம்பு இல்லை.
இரண்டு வருடமாக இல்லை.
அவனிடம் ஒரு நாளும் நான் அடித்ததில்லை.

"தெரியாட்டி, தெரியா எண்டு சொல்லு, அப்பு."

என் முகத்தை அவன் பார்த்தான்,
இது எந்த வினாத்தாளில் வரும் என்பதுபோல.
எண்பத்திரண்டு பேரும் கொப்பியைத் திறந்து
அந்த வசனத்தை எழுதத் தொடங்கினார்கள்.
கரும்பலகை மூலையில் நூற்றிரண்டு;
அழிக்கிற துணி என் கையில்.
அவன் கை
அப்படியே நீட்டியபடி.